எங்க நிண்டு கண்டனீ?

தலைமன்னார்ப் பியரில், ரயில் வந்து நிற்கும் இடத்துக்கும் கப்பலேறும் பாலத்துக்கும் நடுவில் மாமியின் தேத்தண்ணிக்கடை இருந்தது. அந்த வழியால் போகிறவர்கள் ஏதாவது ஒரு செய்தியை அங்கே இறக்கி வைக்காமல் போனதில்லை. இறக்கி வைத்த செய்தி முழுசாகத் தப்பியதும் இல்லை. வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "மாமி, விஷயம் தெரியுமோ?" என்று தொடங்குவார். மாமி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, நிமிர்ந்தும் பாராமல், "எங்க நிண்டு கண்டனீ?" என்பார். அதோடு பாதிப் பேருக்குக் கதை படுத்துவிடும்.

அவர் என் அம்மானின் மனைவி. நான் அப்போது ரயிலில் வரும் சாமான்களுக்குப் பதிவு போடும் கந்தோரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையும் இரவும் சாப்பாடு மாமியிடம்தான். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றும்போதுகூடக் குறுக்கு விசாரணை நடக்கும். இத்தனைக்கும் மாமிக்கே கண் கொஞ்சம் மங்கல். கண்ணாடி போடச் சொன்னால் கேட்க மாட்டார். கண் தெரிந்தவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள், கேட்டால் போச்சு என்பது அவருடைய எண்ணம். அம்மான் நல்ல மனுஷன். இந்த வீட்டில் எதையும் காணாமல் இருப்பதே சுகம் என்று கலியாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும், "நான் அங்கால பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றுதான் சொல்லியிருப்பார்.

மாமி பேய்க்காட்டி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிற பொலிஸ்காரி இல்லை. ஆட்கள் பொய் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்ததே குறைவு. "அவன் கண்டதைத்தான் சொல்லுறான். ஆனா எவ்வளவு கண்டவன்?" என்பதுதான் அவருடைய பிரச்சினை.

ஒருநாள் பின்னேர ரயில் ஒரு கழுதையை அடித்துவிட்டது. மன்னாரில் கழுதைக்கும் ரயிலுக்கும் எப்போதும் ஒரு தகராறு இருந்துகொண்டே இருக்கும். சற்று நேரத்தில் கடை நிறைந்துவிட்டது. வெள்ளைக் கழுதை என்றார் ஒருவர். சாம்பல் என்றார் இன்னொருவர். தாயும் குட்டியுமாக இரண்டு என்று சுங்கக் காவலாளி அடித்துச் சொன்னார். கழுதை செத்தது என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. ஸ்டேஷனில் ரிக்கற் கொடுக்கிறவர் எல்லோரையும் அடக்கிவிட்டு, "சத்தம் போடாதேங்கோ. நான் என்ர கண்ணால கண்டனான்" என்றார்.

"எங்க நிண்டு கண்டனீங்கள்?"

"ரிக்கற் குடுக்கிற சன்னலுக்குள்ளால."

"அந்தச் சன்னலுக்குள்ளால கழுதையின்ர பின்பக்கம் மட்டும்தான் தெரியும். முன்பக்கம் உயிரோட நிண்டிருந்தா உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அடுத்த நாள் காலை செத்துப்போன கழுதை கடை வாசலுக்கு வந்து, ஒரு காலை நொண்டிக்கொண்டு, வடை சுற்றிக் கொடுத்த கடதாசிகளைத் தின்றுகொண்டு நின்றது. நிறம் சாம்பல். ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு பூசுப்பட்டிருந்ததால் அந்தப் பக்கம் வெள்ளை. "இந்தா, உயிர்த்தெழுந்திட்டார்" என்றுவிட்டு மாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு கழுதைக்கு ஒரு வாழைப்பழத் தோல் போட்டார்.

உண்மையில் இந்தக் குணம் மாமிக்குப் பூசை தமிழில் வந்த பிறகுதான் முற்றியது. லத்தீனில் இருந்த காலத்தில் நாலு சுவிசேஷங்களும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கவில்லை. விளங்கினால்தானே சண்டை? தமிழில் வாசிக்கத் தொடங்கியதும் மாமி முதல் வாங்கில் போய் உட்கார்ந்தார். அந்த வருஷம், ஆண்டவர் உயிர்த்த பாஸ்காத் திருநாள் முடிந்து சுவாமியார் கோயில் வாசலில் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகாத இளம் சுவாமி.

"சுவாமி, ஆண்டவரின்ர கல்லறையில நிண்ட சம்மனசு, அந்த வானதூதர், ஒண்டோ ரெண்டோ?"

சுவாமி சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. "மத்தேயு ஒண்டு எண்டுறார். மாற்கு ஒரு வாலிபன் எண்டுறார். லூக்காஸ் ரெண்டு பேரெண்டுறார். அருளப்பரும் ரெண்டு. நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்."

"அம்மா, அதெல்லாம் விசுவாசத்தோட ஏற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்."

"விசுவாசம் இருக்கிறபடியாத்தான் சுவாமி எண்ணுறன். இல்லாதவன் ஏன் மினக்கெட்டு எண்ணப் போறான்?"

சுவாமி அடுத்தவருக்கு வாழ்த்துச் சொல்லத் திரும்பினார். மாமியே இரக்கப்பட்டுப் பதிலையும் கொடுத்தார். "போன பொம்பிளையளில ஒருத்தி உள்ளுக்க குனிஞ்சு பாத்திருப்பாள். மற்றவள் பயத்தில வாசலோட நிண்டிருப்பாள். உள்ளுக்க பாத்தவளுக்கு ரெண்டு, வாசல்ல நிண்டவளுக்கு ஒண்டு. நாலு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தா எங்கயோ இருந்து கதைச்சுப்போட்டு எழுதினவை எண்டு நான் இந்த வேதத்தில சேர்ந்தே இருக்க மாட்டன்."

மாமிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அவர் கைக்குழந்தையாக இருந்தபோது. சேராமல் விட்டிருப்பேன் என்ற மிரட்டலைச் சுவாமி எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியாது. அதன்பிறகு முதல் வாங்கைப் பார்க்காமல் பிரசங்கம் வைக்கப் பழகிக்கொண்டார்.

கொண்டச்சிப் பக்கத்திலிருந்து கஜுக்கொட்டை கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் பெரியவர் ஒருவரை எல்லோரும் காக்கா என்போம். மாமியோடு சரிக்குச் சரி நின்று கதைத்தவர் அவர் ஒருவர்தான். "எங்கட மார்க்கத்தில ஒரு செய்தி வந்தா, சொன்னவர் ஆர், அவருக்குச் சொன்னவர் ஆர், அவருக்கும் சொன்னவர் ஆர் எண்டு கடைசி ஆள் மட்டும் கேட்டுத்தான் எடுப்பம், பிள்ளை" என்றார். மாமிக்கு மகா சந்தோஷம். காக்காவுக்கு இன்னொரு தேத்தண்ணி கொடுத்தார். "நல்ல வழக்கம் காக்கா. ஆனா ஒவ்வொருத்தரும் ஒராளிட்டத்தானே கேட்டவை? எங்களுக்கு நாலு பேர். ஒருத்தர் போதுமெண்டா ஆண்டவர் ஏன் நாலு பேரை எழுத வச்சவர்?" காக்கா, அந்தச் சங்கிலிகளே ஒன்று இரண்டல்ல என்று விளக்கத் தொடங்கினார். கப்பல் ஊதியது. விளக்கம் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது. அதற்கு அடுத்த கிழமைக்கும்.

ஒருவர் மட்டும் கண்ட எதையும் மாமி கணக்கில் எடுக்க மாட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் சிலுவையடியில் ஆண்டவரின் ஏழு வாக்கியங்களையும் பற்றி நீண்ட பிரசங்கம் நடக்கும். சனம் தாகத்திலும் பசியிலும் வாடிப்போய் இருக்கும். அடுத்த வருஷம் அன்றைக்கும் மாமி விடவில்லை. எல்லோரும் அழுத முகத்தோடு வெளியே வர, இவர் விரல் மடித்து எண்ணிக்கொண்டு வந்தார். "ஒருத்தரிட்டயும் ஏழு இல்லை, சுவாமி. லூக்காஸிட்ட மூண்டு, அருளப்பரிட்ட மூண்டு. மற்ற ரெண்டு பேரிட்டயும் ஒண்டே ஒண்டு, அதுவும் ஒரே வாக்கியம். இது முதல், இது கடைசி எண்டு அடுக்கினது ஆர்?"

"திருச்சபை, அம்மா. பாரம்பரியமா வாறது."

"திருச்சபை அப்ப எங்க நிண்டது?"

நான் வெட்கத்தில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துவிட்டேன். சுவாமி மெதுவாக, "சிலுவையடியிலதான் அம்மா நிண்டிருக்கும்" என்றார். மாமி கொஞ்சம் யோசித்தார். எதிர்த்துப் பேசாமல் மாமி நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதே வருஷம், சோளகக் காற்றுத் தொடங்கிய நாட்களில், மாமியின் தம்பி கடலில் செத்துப்போனார்.

தம்பிக்குச் சொந்தமாக ஒரு எஞ்சின் வள்ளம் இருந்தது. ஒரே மகள் றெஜினா. பெருநிலத்தில் முருங்கனுக்கு அங்கால் வயல் செய்கிற ஒரு சைவக் குடும்பத்துப் பெடியன் ரயில்பாதை வேலைக்கு இங்கே வந்திருந்தான். றெஜினாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. தகப்பன் கோபத்தில் துள்ளிக் குதித்தார். வீட்டில் ஒரே சண்டை. மாமியும் தம்பியின் பக்கம்தான். "வேதத்தில சேராதவனுக்கு என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது?" என்று கடையில் என்னிடமே சொன்னார். தகப்பனும் மகளும் முகம் பார்த்துக் கதைக்காமல் இருந்த நாட்களில்தான் அது நடந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கரைக்கு வர முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

வள்ளத்தில் அவரோடு மூன்று பேர் போயிருந்தார்கள். அவரின் ஒன்றுவிட்ட அண்ணன் சூசையண்ணர், பின்பக்கம் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இருந்தவர். சந்தியோகு, செபமாலை என்ற மற்ற இருவரும் மாறி மாறி ஒருவர் அவரை மடியில் வைத்திருக்க, மற்றவர் உள்ளே அடித்த தண்ணீரை இறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். மூன்று பேரும் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்று மூன்று வார்த்தைகளைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

சூசையண்ணர் கேட்டது: "அந்தப் பெடியனுக்குப் பிள்ளையைக் குடுக்க வேண்டாம்."

செபமாலை கேட்டது: "அவள் விரும்பினபடி செய்து வையுங்கோ."

சந்தியோகு கேட்டது: "தண்ணி தா."

அடக்கம் முடிய இதே கதைதான். சூசையண்ணருக்கு அந்தக் கலியாணம் பிடிக்காது, அதுதான் அப்படிச் சொல்கிறார் என்று ஒரு பகுதி. செபமாலை அந்தப் பெடியனின் கூட்டாளி, அதுதான் இப்படிச் சொல்கிறான் என்று மறு பகுதி. சந்தியோகுவை எவரும் கணக்கெடுக்கவில்லை. தண்ணீர் கேட்டதற்குக் கட்சி சேர ஆளில்லை. றெஜினாவின் தாய் மட்டும் ஒரே பிடியாக நின்றார். "அந்த மனுஷன் கடைசியா என்ன சொன்னதோ அதுதான் எனக்குச் சட்டம். வேண்டாம் எண்டு சொல்லியிருந்தா, பிள்ளை கன்னியாஸ்திரியாப் போனாலும் சரி, நான் செய்து வைக்க மாட்டன்."

கடைசியில் மூப்பர், அதாவது கோயில் காரியங்களையும் ஊர் வழக்குகளையும் பார்க்கிறவர், முடிவு சொன்னார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் மூன்று பேரும் அந்தோனியார் சுரூபத்தின் பாதத்தைப் பிடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் கடலுக்குப் போனால் திரும்பி வரமாட்டான் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடலுக்குப் போகாமல் இருக்கவும் அந்த மூன்று பேருக்கும் வழியில்லை. செபமாலையின் தாய் அந்தக் கிழமை முழுக்கக் கோயில் படியிலேயே கிடந்தாள். சூசையண்ணர் இளைத்து, முகம் கறுத்துப்போனார். றெஜினா வெளியே வரவே இல்லை.

பூசை முடிந்தது. சூசையண்ணர்தான் முதலில் எழுந்தார். சுரூபத்தடிக்குப் போகிற மனுஷன் வழியில் இரண்டு தரம் சிலுவை அடையாளம் போட்டதை நான் கண்டேன். ஆண்கள் பக்கம் இரண்டாவது தூணடியில் நின்று கண்டேன். மாமி கேட்பார் என்பதற்காகச் சொல்கிறேன்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று பெண்கள் பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது. மூப்பருக்கு முகம் கோணியது. மாமி எழுந்து முன்னால் வந்துவிட்டார். "மூண்டு பேரும் பொய் சொல்லுற ஆக்கள் இல்லை. எல்லாத்தையும் தம்பி சொல்லியிருப்பான். இடையில எவ்வளவு நேரம் கிடந்தவன்! எது முந்தி, எது பிந்தி எண்டதுதானே தெரியவேணும்? அதுக்கு ஏன் சத்தியம்?"

"நான் கேட்டதுதான் கடைசி" என்றார் சூசையண்ணர்.

"இல்லை, நான்" என்றான் செபமாலை.

"அண்ணை, நீங்கள் எங்க இருந்தனீங்கள்?"

"எஞ்சினடியில."

"தம்பி எப்பிடிச் சொன்னவன்? சத்தமாவோ, மெல்லமாவோ?"

சூசையண்ணர் யோசித்தார். "சத்தமாத்தான். கத்தித்தான் சொன்னவன்."

"செபமாலை, உனக்கு?"

"மெல்ல, மாமி. காதைக் கிட்டக் குடுத்துத்தான் கேட்டனான்."

"சந்தியோகு?"

சந்தியோகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாக அவரிடம் எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சத்தமே வரேல்லை அக்கா. உதடு மட்டும் அசைஞ்சது. நான் தண்ணியைத் தொட்டு வாயில வச்சனான்."

மாமி திரும்பிச் சனத்தைப் பார்த்தார். "சாகப்போற மனுஷனுக்குச் சத்தம் கூடுமோ, குறையுமோ? முதல் கோவத்தில கத்தியிருக்கிறான். பிறகு மனம் இளகி மெல்லச் சொல்லியிருக்கிறான். கடைசியில தண்ணி கேட்டிருக்கிறான். மகளைப் பற்றிக் கடைசியாச் சொன்னது செபமாலையிட்டச் சொன்னதுதான்." பிறகு சுவாமியைப் பார்த்து, "ஏழு வாக்கியத்தை அடுக்கலாமெண்டா இந்த மூண்டையும் அடுக்கக் கூடாதோ, சுவாமி?" என்றார்.

சுவாமி வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரித்தாரா, கும்பிட்டாரா என்று தூணடியிலிருந்து எனக்குத் தெரியவில்லை. சூசையண்ணர் மாமியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஓம். அப்பிடித்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். செபமாலையின் தாய் பெரிதாக அழத் தொடங்கினாள். றெஜினாவின் தாய் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமியின் கையைப் பிடித்தார். அது சம்மதம் என்று எல்லோருக்கும் விளங்கியது.

ஆண்டுத்திவசம் கழிந்து கலியாணம் நடந்தது. பெடியன் ஞானஸ்நானம் எடுத்தான். தகப்பன் முறைக்கு நின்று றெஜினாவைப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனவர் சூசையண்ணர்.

பல வருஷம் கழித்து ஒரு தேவைக்காக நான் ஒரு எஞ்சின் வள்ளத்தில் மணல் திட்டுப் பக்கம் போக நேர்ந்தது. பின்பக்கம், எஞ்சினுக்குக் கிட்ட இருக்கச் சொன்னார்கள். முன்னால் இருந்தவர் என்னிடம் ஏதோ கேட்டார். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "சாப்பிட்டனீங்களோ?" என்றுதான் கேட்டிருக்கிறார். எனக்கு உடனே சூசையண்ணர் ஞாபகம் வந்தது. கரையில் கால் வைத்ததும் நேரே கடைக்குப் போனேன்.

மாமிக்கு அப்போது தலை நன்றாக நரைத்துவிட்டது. பார்வை இன்னும் மங்கியிருந்தது. கண்ணாடி இன்னும் இல்லை.

"மாமி, சூசையண்ணர் எஞ்சினடியில இருந்தவர். அவருக்கு எப்ப சொன்னாலும் கத்தித்தானே சொல்லவேணும்? கடைசியாச் சொல்லியிருந்தாலும் கத்தித்தான் சொல்லியிருப்பார். அப்ப சத்தத்தை வச்சு முந்தி பிந்தி சொல்லேலாதே."

மாமி ஆற்றுவதை நிறுத்தவில்லை. "உனக்கு இப்பதான் விளங்கினதோ, மருமகன்? நான் வள்ளக்காரன்ர மகள். எனக்கு அண்டைக்கே தெரியும். சூசையண்ணருக்கும் தெரியும். அந்த மனுஷன் காலமெல்லாம் எஞ்சினோட இருந்தது."

மாமி ஊரையே கேட்ட கேள்வியை அவரிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டேன். "அப்ப நீங்கள் எங்க நிண்டனீங்கள், மாமி?"

அவர் கோப்பையை மெதுவாக வைத்தார்.

"கரையில நிண்டனான். றெஜினா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். வள்ளம் கிட்ட வந்து, தேப்பன் கிடந்த கிடையைக் கண்டவுடன எல்லாரும் குளறிக்கொண்டு ஓடினவை. அவள் ஓடேல்லை. என்னைப் பாத்து, 'மாமி, அப்பா என்னோட கோவத்தோடயோ போனவர்?' எண்டு கேட்டவள். அந்தச் சத்தத்துக்குள்ள அது என்ர காதில மட்டும்தான் விழுந்தது. எனக்கும் அந்தப் பெடியனை அப்ப பிடிக்காதுதான். ஆனா அதைக் கேட்டாப் பிறகு என்னெண்டு நான் வேற மாதிரி அடுக்குவன்?"

தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு, வாசலில் வந்து நின்ற யாரையோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

ஒரே ஒரு சாட்சி. ஒத்துப் பார்க்க இரண்டாவது ஆள் இல்லை. நான் அதை அப்படியே நம்பினேன்.